ஏழு நாள், ஏழு ட்ராக், ஒரே செட் டயர்: முதல் தடவை போகிறவருக்கு

கேள்வி இதுதான்: சொந்தக் காரில் ஒரு வாரம். பகலில் ட்ராக்கில் கடிகாரம் வைத்து நேரம் பிடிக்கிற ஓட்டம், சாயங்காலம் பெட்டியைக் கட்டி அதே காரில் பொதுச் சாலையில் அடுத்த ட்ராக்குக்குப் பயணம், மறுநாள் காலை மறுபடி ஹெல்மெட். இப்படி ஆறேழு இடம். முதல் தடவையாகப் பேர் கொடுத்திருக்கிறேன், கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது, இன்ஜின் ட்யூனிங், சஸ்பென்ஷன், பெரிய டர்போ, இதில் எதை முதலில் செய்யலாம்?

எதையும் செய்யாதீர்கள். அந்தப் பணத்தில் நல்ல பிரேக் பேட், புது பிரேக் ஆயில், ஒரு செட் டயர், ஒரு நல்ல டார்க் ரென்ச் (நட்டைக் குறித்த அளவுக்கு முறுக்கும் ஸ்பேனர்) வாங்குங்கள், மீதியை வழியில் தங்கும் அறைக்கு வையுங்கள். கிண்டல் இல்லை, நான் மூன்று தடவை போயிருக்கிறேன், அதில் முதல் தடவை நான்காம் நாளில் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு திரும்பியவன். அந்த வருஷம் எங்கள் கார்ப் பிரிவில் முன்னால் முடித்த காரின் இன்ஜினில் யாரும் கையே வைத்ததில்லை.

இந்த மாதிரிப் போட்டி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் இதன் கணக்கு ஏன் இப்படி இருக்கிறது என்பதும் புரியும். அமெரிக்காவில் பிராக் யேட்ஸ் என்ற கார் பத்திரிகையாளர் 1971-இல் கடற்கரையிலிருந்து கடற்கரைக்கு யார் சீக்கிரம் போகிறார்கள் பார்ப்போம் என்று 'கேனன்பால்' ஓட்டத்தைத் தொடங்கினார், அது சட்டத்துக்கு முழுக்கப் புறம்பானது, 1979-ஓடு நின்றுபோனது. பிறகு அவரே 1984-இல் 'ஒன் லேப் ஆஃப் அமெரிக்கா' என்று சட்டத்துக்கு உட்பட்ட ஒன்றை ஆரம்பித்தார். முதலில் அது குறித்த நேரத்துக்குக் குறித்த இடத்தில் இருக்க வேண்டிய ராலியாகத்தான் இருந்தது, அப்புறம்தான் போட்டியெல்லாம் ட்ராக்குக்குள் போனது, சாலை வெறும் பயணமாக மாறியது. வாரம் முழுக்க ஒரே செட் டயர் என்ற விதி அங்கே பெயர்பெற்றது. 2005-இல் தொடங்கிய 'டிராக் வீக்' நேர்கோட்டு ஓட்டக்காரர்களுக்கு இதே தண்டனையைக் கொடுத்தது: ஐந்து நாள், கூட வேறு உதவி வண்டி வரக்கூடாது, கருவிப்பெட்டியெல்லாம் ரேஸ் காரே இழுத்துக்கொண்டு போக வேண்டும். பிரான்ஸில் 'டூர் டி பிரான்ஸ் ஆட்டோமொபைல்' என்று 1899-லேயே ஒன்று இருந்தது, இப்போது அதன் வாரிசு பழைய கார்களுக்கான 'டூர் ஆட்டோ'.

இவை எல்லாவற்றிலும் பொதுவான ஒன்று உண்டு: காரை டிரெய்லரில் கொண்டுவந்து இறக்க முடியாது. நீங்கள் ட்ராக்கில் வதைக்கும் அதே கார்தான் அன்று ராத்திரி 600, 700 கிலோமீட்டர் உங்களைச் சுமக்க வேண்டும். பல போட்டிகளில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வரும் இடத்தைப் பொறுத்துப் புள்ளி, கடைசியில் மொத்தக் கூட்டல். ஒரு காலை வராமல் போனால் அந்த ஓட்டத்துக்குப் பூஜ்ஜியம். நாலு நாள் முதலாவதாக வந்து ஐந்தாம் நாள் படுத்துக்கொள்ளும் காரை, ஏழு நாளும் பன்னிரண்டாவதாக வரும் கார் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். இந்த ஒன்று மண்டையில் ஏறிவிட்டால் மீதி முடிவுகள் தானாக வரும்.

சரி, பிரேக். இதில்தான் கொஞ்சம் நேரம் செலவழிக்கப் போகிறேன், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

ஓடுகிற காரின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். 80-இலிருந்து 160-க்குப் போனால் இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. 1,500 கிலோ கார் ஒன்றை 160-இலிருந்து 60-க்குக் கொண்டுவர நீங்கள் பெடலை மிதிக்கும் அந்த மூன்று விநாடியில் டிஸ்க்குகளுக்குப் போகிற சூட்டைக் கணக்குப் போட்டால், ஏறக்குறைய நாலு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதி வரைக்கும் கொண்டுபோக அது போதும். ஒரு திருப்பத்துக்கு இவ்வளவு. ஒரு லேப்பில், அதாவது ட்ராக்கை ஒருமுறை சுற்றுவதற்குள், இந்த மாதிரி ஐந்தாறு இடம் வரும், இடையில் ஆறுவதற்கு நேரமே கிடையாது.

அந்தச் சூடு பேட் வழியாக, பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பருக்குள் இருக்கும் பிரேக் ஆயிலுக்குப் போகிறது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. டாட் 4 என்று எழுதியிருந்தால் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறியபின் அதற்கான வரம்பு 155 டிகிரிதான். இரண்டு வருஷமாக மாற்றாத ஆயிலோடு ட்ராக்குக்குப் போனால், நாலாவது லேப்பில் காலிப்பருக்குள் அது கொதித்து ஆவிக் குமிழ் வரும், குமிழ் பஞ்சு மாதிரி அமுங்கும், பெடல் தரைக்குப் போகும், கார் நிற்காது. இது ஒரு தடவை நடந்தால் போதும், ஆயுசுக்கும் மறக்காது. ஆகவே கிளம்புவதற்கு முந்தின வாரம் மொத்த ஆயிலையும் மாற்றுங்கள், வாரத்தின் நடுவில் ஒருமுறை காற்றெடுங்கள், அதாவது பிரேக் ஆயிலில் சேர்ந்த குமிழை வெளியேற்றுங்கள். திறக்காத ஒரு பாட்டில் கையில் இருக்கட்டும், திறந்து பாதி மிச்சமானது வேண்டாம்.

நடுவாரக் காற்றெடுப்பு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மணி பதினொன்றரை, தங்கும் விடுதியின் வண்டி நிறுத்தும் இடம், நெற்றியில் கட்டிய விளக்கு, கார்ப்பெட் ஒன்றை விரித்து நான் சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறேன், காலிப்பரில் ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகான பிளீட் நிப்பிளில் ஒரு தெளிவான குழாய், குழாயின் மறுமுனை பழைய தண்ணீர் பாட்டிலுக்குள். உள்ளே உட்கார்ந்திருக்கும் என் கூட்டாளி "மிதி" என்றால் மிதிப்பார், "பிடி" என்றால் அப்படியே வைத்திருப்பார், நான் நிப்பிளைக் கால் திருப்பு திறந்து மூடியதும் "விடு". மிதி, பிடி, விடு. நாங்கள் இதைச் செய்த முதல் ராத்திரி அவர் பிடிக்க வேண்டிய நேரத்தில் தூங்கிப்போய்க் காலை எடுத்துவிட்டார், காற்று உள்ளே போய் முதலிலிருந்து ஆரம்பித்தோம். இரண்டாவது சக்கரத்தில் குழாய்க்குள் சின்னச் சின்னதாகக் குமிழ்கள் வரிசையாக ஓடியதைப் பார்த்தபோது, மறுநாள் அந்தப் பெடலை நம்பியா ஓட்டியிருப்போம் என்று இருவருக்கும் தூக்கம் தெளிந்துவிட்டது.

பேட் விஷயத்தில் இரண்டு தப்பு நடக்கும். ஒன்று, காரோடு வந்த சாதாரணப் பேடோடு போவது, அது இரண்டாம் நாளிலேயே கருகி வழவழப்பாகிவிடும். இன்னொன்று முழு ரேஸ் பேட் போடுவது, அது சூடாகும் வரை பிடிக்காது, மழை பெய்கிற ராத்திரியில் நெடுஞ்சாலையில் முன்னால் போகிற லாரி திடீரென்று நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவில், சாலைக்கும் ட்ராக்குக்கும் சேர்த்துச் செய்தது என்று விற்பதைப் போடுங்கள், கிளம்பும் முன்னாலேயே சில தடவை பிரேக் போட்டு ஓட்டி டிஸ்க்கோடு பதம் பண்ணிவிடுங்கள். இன்னொரு செட் டிக்கியில் இருக்கட்டும். பாதிக்குக் கீழே தேய்ந்த பேடை அன்று ராத்திரியே மாற்றிவிடுங்கள், மெலிந்த பேட் சூட்டைத் தடுக்காமல் நேராக ஆயிலுக்கு அனுப்பும். ஓட்டம் முடிந்ததும் ஒரு லேப் பிரேக்கையே தொடாமல் மெதுவாக வந்து காரை ஆறவிடுங்கள், நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். இது பழகாத கைகளுக்குக் கஷ்டம், ஹேண்ட் பிரேக் லிவரில் ஒரு துணியைச் சுற்றிக் கட்டிவைத்துதான் நான் பழகினேன்.

டயர். ஒரே செட் என்ற விதி இருந்தால் ரொம்பப் பிடிப்புள்ள மென்மையான டயர் முதல் இரண்டு நாள் உங்களை ராஜாவாக்கும், ஆறாம் நாள் மழையில் வழித்துணை கூட இல்லாமல் விட்டுவிடும். தேய்மான எண் (குறைந்தால் டயர் மென்மை, சீக்கிரம் தேயும்) 200 என்று பக்கவாட்டில் இருக்கும் டயரைப் பலரும் எடுப்பதற்குக் காரணம் அந்தச் சமரசம்தான், விதிப்புத்தகமும் பெரும்பாலும் அதற்குக் கீழே போக விடாது. ட்ராக் கடிகார முள் திசையில் ஓடுகிறது என்றால் வலது திருப்பங்கள் அதிகம், ஆகவே இடது பக்க டயர்கள், அதிலும் முன் இடது, முதலில் சாகும். தினமும் வெளி விளிம்பு, நடு, உள் விளிம்பு என்று மூன்று இடத்தில் ஆழம் அளந்து எழுதிவையுங்கள். உள்-வெளி குறி மட்டும் இருக்கும் டயரை இடம்-வலம் மாற்றலாம், சுழலும் திசை அம்புக்குறி போட்டதை அதே பக்கத்தில் முன்-பின் மட்டும்தான் மாற்ற முடியும். வாங்கும்போதே இதை யோசித்தால் வாரக் கடைசியில் இரண்டு மில்லிமீட்டர் மிச்சமாகும்.

காற்றழுத்தம் பற்றி ஒன்றே ஒன்று: ட்ராக்கில் டயர் சூடேறி ஆறேழு பிஎஸ்ஐ சுலபமாக ஏறிவிடும், அதனால் ஓட்டத்துக்கு முன் இறக்குவீர்கள், சரி, ஆனால் சாயங்காலம் கிளம்பும் முன் மறுபடி ஏற்ற மறக்காதீர்கள். பெட்டி, ஸ்பேனர், இரண்டு ஆள் என்று முழுப் பாரத்தோடு குறைந்த காற்றில் நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக ஓடுவதுதான் டயரைக் கொல்லும், ட்ராக் இல்லை. சின்ன பம்ப் ஒன்று காரிலேயே இருக்கட்டும். ஸ்டெப்னி இருந்தால் அது உங்கள் முன் காலிப்பருக்கு மேல் உட்காருகிறதா என்று வீட்டிலேயே ஒருமுறை மாட்டிப் பாருங்கள். பெரிய பிரேக் போட்டவர்களில் பாதிப் பேருக்கு உட்காராது.

நான் நான்காம் நாளில் படுத்த கதையையும் சொல்லிவிடுகிறேன். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, எதற்கும் இருக்கட்டும் என்று ரேடியேட்டர் ஹோஸ்களை ஒரு பட்டறையில் மாற்றினேன். பழையது நன்றாகத்தான் இருந்தது. கீழ் ஹோஸின் கிளாம்ப் சரியாக முறுக்கப்படவில்லை, நானும் பார்க்கவில்லை. மூன்று நாள் துளித்துளியாகக் கசிந்து, நான்காம் நாள் ட்ராக்கில் முழுவதும் கழன்று, இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்குப் போனதைக் கவனிக்காமல் நான் இன்னும் அரை லேப் ஓட்டினேன். இன்ஜினின் மேல்பாகத்துக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போனது. அன்றிலிருந்து ஒரு கட்டுப்பாடு: கிளம்பும் முன் கடைசி ஆயிரம் கிலோமீட்டரில் காரில் பிரேக் ஆயில் தவிர எதையும் புதிதாகத் தொடக்கூடாது, தொட்டால் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ட்யூனிங் வேண்டாம் என்று ஆரம்பத்தில் சொன்னதற்கு இதுதான் காரணம். கூடுதல் குதிரைசக்தி கூடுதல் சூடு, கூடுதல் சூடு உங்களுக்குத் தெரியாத ஏதோ ஒரு இடத்தில் வெளியே வரும், அது எந்த இடம் என்று கண்டுபிடிக்க இந்த வாரம் ஏற்ற வாரம் இல்லை.

ட்ராக்கில் எப்படி ஓட்டுவது? பெரும்பாலும் பயிற்சி நேரமே கிடைக்காது. ஒன் லேப் பாணியில் என்றால் ஒரு லேப் இடத்தைப் பார்த்துக்கொள்ள, அப்புறம் நின்ற நிலையிலிருந்து கிளம்பி மூன்று லேப், மொத்த நேரமும் சேர்ந்து கணக்கு. வீடியோ பாருங்கள், சிமுலேட்டரில் ஓட்டுங்கள், திருப்பங்களின் வரிசை மனப்பாடமாகும். ஆனால் ஏற்ற இறக்கம் வீடியோவில் தெரியாது, தட்டையாகத் தெரிந்த நேர்பாதை நிஜத்தில் ஒரு மேடாக இருக்கும், மேட்டுக்கு அந்தப் பக்கம் பாதை எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. ஆகவே பார்வை லேப்பில் வேகம் பார்க்காதீர்கள். கொடி காட்டும் மார்ஷல்கள் எங்கே நிற்கிறார்கள், தூரப் பலகைகள் எந்தப் பக்கம், எந்த ஓரக்கல் ஏறலாம், எது காரைத் தூக்கிப்போடும், தார் எங்கே ஒட்டுப்போட்டு நிறம் மாறுகிறது, இதையெல்லாம் பாருங்கள்.

பிறகு சின்னக் கணக்கு ஒன்று. எல்லையைத் தொட்டு ஓட்டினால் லேப்புக்கு ஒரு விநாடி கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம், மூன்று லேப்புக்கு மூன்று விநாடி. ஒருமுறை கார் பிடி நழுவிச் சுழன்று புல்லில் இறங்கி மறுபடி ஏறி வந்தால் பதினைந்து விநாடி போகும், அதுவும் சுவரில் படாமல் இருந்தால். முதல் லேப்பில் டயர் குளிர்ந்திருக்கும், ஆர்வம் கொதித்திருக்கும், கூட்டம் கூட்டமாகக் கார்கள் சுழல்வது அங்கேதான். கொடிகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள். மஞ்சளும் சிவப்பும் எல்லாருக்கும் தெரியும், கறுப்பில் ஆரஞ்சு வட்டம் போட்டது உங்கள் காரில் ஏதோ கோளாறு, உள்ளே வா என்று அர்த்தம், மஞ்சள்-சிவப்புக் கோடு போட்டது பாதை வழுக்குகிறது என்று அர்த்தம்.

ஹெல்மெட் மோட்டார்சைக்கிளுடையது செல்லாது, கார் பந்தய ஹெல்மெட்டுக்கான ஸ்னெல் எஸ்ஏ முத்திரை கேட்பார்கள், எஸ்ஏ2020 மாதிரி. பைக் ஹெல்மெட்டுக்குத் தீ தாங்கும் சோதனை கிடையாது, அதுதான் வித்தியாசம். இன்சூரன்ஸ் தாளையும் பிரித்துப் படியுங்கள், ட்ராக்கில் நேரம் பிடித்து ஓட்டும்போது நடந்தது எதற்கும் பொறுப்பில்லை என்று வழக்கமாக அதில் ஒரு வரி இருக்கும்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத வேலை ஒன்று இருக்கிறது: காரைக் காலி பண்ணுவது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் உள்ளே இருக்கும் அத்தனையும் வெளியே போக வேண்டும், மிதியடி உட்பட. ஓட்டம் முடிந்ததும் மறுபடி உள்ளே. ஒரு நாளைக்கு இரண்டு ஓட்டம் என்றால் நாலு தடவை. மூடி போட்ட இரண்டு பிளாஸ்டிக் பெட்டி, ஒரு தார்ப்பாய், அவ்வளவுக்குள் உங்கள் உலகம் அடங்கட்டும். வீட்டிலேயே கடிகாரம் வைத்துப் பழகுங்கள், பத்து நிமிஷத்துக்கு மேல் ஆனால் சாமான் அதிகம் என்று பொருள். ஒருமுறை சீட்டுக்கு அடியில் மறந்துபோன அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், முதல் பிரேக்கிங்கிலேயே உருண்டு வந்து என் குதிகாலில் முட்டியது. இன்னும் ஒரு சாண் தள்ளி உருண்டிருந்தால் பெடலுக்கு அடியில் போயிருக்கும்.

இப்போது தூக்கம். ஓட்டத்தை விட இதுதான் ஆபத்து, இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் கவனத்துக்குச் சமம் என்று ஆய்வாளர்கள் சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். காலை ஐந்தரைக்கு எழுந்து நாள் முழுக்க வெயிலில் நின்று ஓட்டியவர் ராத்திரி பத்தரைக்கு அந்த நிலைக்கு வந்துவிடுவார், இன்னும் 300 கிலோமீட்டர் பாக்கி இருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுங்கள், கண் எரிய ஆரம்பித்த பிறகு இல்லை, கடிகாரப்படி. காபி வேலை செய்ய அரை மணி ஆகும், ஆகவே குடித்துவிட்டு இருபது நிமிஷம் படுங்கள், எழும்போது இரண்டும் சேர்ந்து உதவும். சாலையில் வேகமாகப் போய் எதையும் ஜெயிக்க முடியாது. பயணத்துக்குப் புள்ளி இல்லை, காலையில் சொன்ன நேரத்துக்கு முன் வந்து சேர்ந்தால் போதும், பொதுச் சாலையில் சாகசம் காட்டினால் போட்டியிலிருந்தே அனுப்பிவிடுவார்கள்.

அதனால் கூட்டாளி யார் என்பது எந்த டயர் என்பதை விட முக்கியம். உங்களை விட வேகமாக ஓட்டுகிறவர் வேண்டாம், ராத்திரி ஒரு மணிக்கு எரிச்சல்படாமல் சக்கரம் கழற்றுகிறவர் வேண்டும். எந்த ட்ராக் யாருக்கு, கார் அடிபட்டால் செலவு யாருக்கு, இரண்டையும் கிளம்பும் முன் எழுதி வைத்துவிடுங்கள். நண்பர்கள்தானே என்று விட்டவர்கள் திரும்பும்போது பேசிக்கொள்ளாமல் ஆயிரம் கிலோமீட்டர் ஒரே காரில் உட்கார்ந்து வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், முடிவு நாளுக்கு மறுநாளே வேலைக்கு வருகிறேன் என்று யாரிடமும் சொல்லிவைக்காதீர்கள். பரிசு கொடுத்து முடித்த பிறகும் வீடு வரைக்கும் அதே கார், அதே தேய்ந்த டயர், அதே தூக்கமில்லாத இரண்டு பேர். இரண்டு நாள் கூடுதலாக லீவு போடுங்கள், முதல் ராத்திரி அங்கேயே தூங்கிவிட்டு, விடிந்ததும் சக்கர நட்டுகளை ஒருமுறை டார்க் ரென்ச்சால் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். என் மூன்றாவது வருஷத்தில் பின் வலதில் இரண்டு நட்டு தளர்ந்திருந்தது தெரிந்தது அந்தக் காலையில்தான்.